அப்பாருக்குக் காது கேட்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

காது மிஷின் வாங்கிவிட்ட குடும்பங்களுக்கு எட்டுப் படிகளில் ஓர் எளிய கையேடு

வீட்டுப் பெரியவருக்குக் காது கேட்காமல் இருப்பதில் எத்தனை சௌகரியம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பங்கு பிரிப்பதை அவரை வைத்துக்கொண்டே ஆசாரத்தில் உட்கார்ந்து பேசலாம். கோழிப்பண்ணையில் எவ்வளவு கைவிட்டுப் போனது, பேரனுக்குக் காலேஜில் எத்தனை பேப்பர் பாக்கி, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லலாம். அப்பாரு சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருப்பார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும் ஏற்பாட்டை, வெளியூரில் வாக்கப்பட்ட மகள் நோம்பிக்கு வந்த இடத்தில் கெடுத்துவிடுவாள். "ஏண்ணா, அப்பனுக்கு ஒரு காது மிஷின் வாங்கி வெச்சா என்ன?" கேட்டது நாலு சொந்தக்காரர் முன்னால். மறுக்க முடியாது. மிஷின் வந்துவிடும். காதுக்குப் பின்னால் உட்காரும் சின்னப் பெட்டி, அதன் தலையில் மைக், அதிலிருந்து வளைந்து வரும் டியூப், காதுத் துளைக்குள் பொருந்தும் அச்சு. அவ்வளவுதான்.

பயப்பட வேண்டாம். வாங்கிய மிஷினைத் திருப்பிக் கொடுக்கத்தான் முடியாது. ஒரே மாதத்தில் ஓரம் கட்டிவிடலாம். சேலம், நாமக்கல் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் பல காலமாகக் கடைப்பிடித்து வெற்றி கண்ட முறைகள் இவை.

படி 1: காதைப் பரிசோதிக்காதீர்கள்

அப்பாருடைய காது எப்படிப் போனது என்று விசாரிக்க ஆரம்பித்தால் ஊர்த் தொழில் மொத்தமும் சாட்சிக்கு வந்து நிற்கும். பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ காலமெல்லாம் விசைத்தறி ஓட்டியிருப்பார். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போய் வடக்கே போர் போட்டிருப்பார். நாமக்கல் பட்டறையில் லாரிக்கு பாடி கட்டியிருப்பார். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலைத் தாண்டிச் சத்தம் கூடாது என்பது தொழிற்சாலை விதி. வரிசையாகத் தறி ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே காதோரம் வாயை வைத்துக் கத்த வேண்டும் என்பதிலிருந்து விதியின் கதியைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த மாதிரிச் சத்தம் முதலில் பதம் பார்ப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சுக் குரல் ஒலிகளை. முதுமையும் மேல் ஸ்தாயியிலிருந்துதான் கழித்துக்கொண்டு வரும். உயிரெழுத்துகள் கனமானவை, கேட்டுவிடும். மெல்லிய மெய்யெழுத்துகள் நழுவிவிடும். அதனால் அப்பாருக்குப் பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது பிடிபடாது. பருப்பு கேட்டால் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடுவார். "காதெல்லாம் கேக்குது, வேணும்னே பண்றாரு" என்று வீடு தீர்ப்பு எழுதும் இடம் இதுதான். அந்தத் தீர்ப்பில் உறுதியாக நில்லுங்கள்.

தவறிப்போய் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, நாமக்கல்லில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கூட்டிப்போனால் காரியம் கெட்டுவிடும். முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்ப்பார். சிலருக்கு வெறும் குறும்பிதான் அடைத்திருக்கும்; எடுத்துவிட்டால் மிஷினே வேண்டியிருக்காது. இல்லையென்றால் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, எந்தக் காதில் எந்த ஒலி எத்தனை டெசிபலில் கேட்கிறது என்று வரைபடம் போடுவார்கள். ஆடியோகிராம் என்கிற அந்தத் தாளை வைத்துத்தான் மிஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டி, கேட்காத ஒலியை மட்டும் கூட்டித் தருவார்கள். அப்புறம் உண்மையிலேயே கேட்டுத் தொலைக்கும்.

ஆகவே போனில் விளம்பரம் பார்த்து, ஆயிரம் ரூபாய்க்குள் வரும் சத்தப் பெருக்கி ஒன்றைத் தருவித்துவிடுங்கள். அது பேதம் பார்க்காது. பேச்சு, ஃபேன், மிக்சி, பஸ் ஹாரன் எல்லாவற்றையும் ஒரே சமமாக உயர்த்தும். இரண்டு காதும் மந்தம் என்றாலும் ஒன்றுக்கு மட்டும் வாங்குங்கள். கூப்பிட்டது எந்தப் பக்கம் என்று தெரியாமல் அப்பாரு சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்.

படி 2: பத்திரப்படுத்துங்கள்

விலை உயர்ந்த பொருளுக்கு உரிய இடம் பீரோ. பட்டுப்புடவைக்கும் நிலப் பத்திரத்துக்கும் நடுவில், பெட்டி பிரிக்காமல் வைத்துப் பூட்டவும். "நல்ல நாள் கிழமைக்கு எடுத்துக் குடுத்துக்கலாம்" என்று சொன்னால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மிஷின் இலவசமாக வந்திருந்தால் இந்தப் படி இன்னும் சுலபம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் காதுக்குப் பின்னால் அணியும் காதொலிக் கருவி தருகிறார்கள். மத்திய அரசின் அடிப் திட்டமும் 1981 முதல் உதவி உபகரணங்கள் கொடுத்துவருகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தாலே கேட்கும் திறன் குறைந்தவர் என்ற கணக்கில் வருவார். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் கையால் வாங்குவதைப் போட்டோ எடுப்பார்கள். பேப்பரில் படம் வந்ததும் மிஷினின் கடமை முடிந்தது என்று கொள்க.

படி 3: முதல் நாளே கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப் போங்கள்

பீரோவுக்குப் போகவிடாமல் மகள் தடுத்துவிட்டால், மிஷினை மாட்டிய கையோடு சேலத்தில் ஒரு பெரிய மண்டபத்துக்கு அழைத்துச் செல்லவும். நாதசுரம், தவில், மைக் செட், பந்தியில் இலை போடுகிறவர் குரல், ஐநூறு பேர் பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போகும். போகும் வழிக்குச் சினிமாப் பாட்டு அலறும் தனியார் பஸ்ஸே உத்தமம். அப்பாரு பத்தாவது நிமிடம் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். "எனக்கு இதெல்லாம் செட் ஆவாது" என்ற வாசகம் அவர் வாயாலேயே வரும்.

இதை முறியடிக்க ஆடியாலஜிஸ்ட் ஒரு தந்திரம் சொல்லிக் கொடுப்பார், காதில் வாங்காதீர்கள். பல வருடம் ஒலியே போகாத மூளைக்குத் தட்டு வைக்கும் சத்தம்கூட இடியாகத்தான் விழும். சொந்தக் குரலே பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அதனால் முதலில் அமைதியான அறையில், ஒரே ஒருவர் பேச்சோடு, தினம் சில மணி நேரம் மாட்டிப் பழகி, மெல்ல நேரத்தைக் கூட்ட வேண்டும். சில வாரத்தில் மூளை ஃபேன் சத்தத்தை ஒதுக்கிப் பேச்சைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். நடுவில் ஒன்றிரண்டு முறை போய் அளவைத் திருத்திக்கொண்டு வரவும் வேண்டும். அந்தத் தேதிகளில் தோட்டத்தில் களை வெட்டு வைத்துக்கொண்டால் போக முடியாமல் செய்துவிடலாம்.

"இந்த டெக்னாலஜியே சரியில்லைங்க" என்று பேரன் சொன்னால் ஆமோதியுங்கள். டிரான்சிஸ்டர் என்ற பொருள் அமெரிக்கக் கடைக்கு வந்ததே 1952 கடைசியில் ஒரு காது மிஷினுக்குள் புகுந்துதான், டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது 1954-ல்தான் என்பதை அவனிடம் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: பேட்டரி ஸ்டிக்கரை மொத்தமாக உரியுங்கள்

காது மிஷின் பேட்டரி காற்றைக் குடித்து வேலை செய்யும் ஜாதி. ஜிங்க்-ஏர் என்பார்கள். அதன் முதுகில் பொடித் துளைகள் இருக்கும்; அவற்றை ஸ்டிக்கர் மூடியிருக்கும். ஸ்டிக்கர் நிறம்தான் அளவுக்கு அடையாளம்: 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம், 312-க்குப் பழுப்பு. உரித்த நொடியில் காற்று உள்ளே போய் வேலை ஆரம்பிக்கும். மறுபடி ஒட்டினாலும் நிற்காது.

இந்த ஞானத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அட்டையில் ஆறு பேட்டரி இருக்கும். அப்பாருக்குக் கண்ணும் மங்கல், விரலும் நடுக்கம். அவர் ஒவ்வொன்றாக உரித்துச் சிரமப்பட வேண்டாமே என்று பாசத்தோடு ஆறையும் ஒரே நாளில் உரித்து வைத்துவிடுங்கள். ஒன்று காதில் ஓடும். ஐந்தும் டப்பாவில் உட்கார்ந்தபடியே சாகும். "13 நம்பர் செல்லு ஒண்ணு ரெண்டு வாரம் வரும்னானே, ஏமாத்திப்புட்டான்" என்று கடைக்காரரைத் திட்டலாம்.

செய்யக் கூடாதவை: உரித்த பேட்டரியை ஒரு நிமிடம் காற்றில் விட்டு, அப்புறம் மிஷினில் போடுவது. ராத்திரி கழற்றியதும் பேட்டரிக் கதவைத் திறந்து வைப்பது. வெளியூர் போகும்போது பையில் ஒரு மாற்றுப் பேட்டரி வைத்துக்கொள்வது. இவை மூன்றும் மிஷினின் ஆயுளைத் தேவையில்லாமல் கூட்டும். சித்திரை வெயிலில் லாரி டேஷ்போர்டு மேல் வைப்பது நன்று. சார்ஜ் ஏற்றும் மிஷினாக இருந்தால் கவலையே இல்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அதே பிளக்கில் பேரன் போனைச் செருகினால் போதும்.

இங்கே ஒரு நிமிடம் கிண்டலை நிறுத்திக்கொள்வோம். இந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினாலோ, மூக்கிலும் காதிலும் திணித்துக்கொண்டாலோ உள்ளே அரித்துப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், சொட்டு மருந்து விடாமல், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பெரியவர்களும் மாத்திரை என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்வது உண்டு. மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் பேட்டரி இருக்கவே கூடாது. இந்தப் பத்தியை மட்டும் எழுதியபடியே செய்யவும்.

படி 5: எண்ணெய், வேர்வை, தண்ணீர்

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மிஷினுக்கும் சேர்த்துத்தான். நல்லெண்ணெய் காதோரம் வழியும்போது கழற்றச் சொல்லாதீர்கள். பவுடர் அடித்து, விபூதி பூசி முடிந்த பிறகு மிஷினை மாட்டினால் மைக் துளை சுத்தமாக இருக்கும். ஆகவே முதலில் மாட்டிவிட்டுப் பவுடரை மேலேயே கொட்டவும்.

பங்குனி தொடங்கி இந்தச் சமவெளியில் அடிக்கிற வெயிலுக்குக் காது மடலுக்குப் பின்னால்தான் வேர்வை வடியும். மிஷின் வீடு கட்டியிருப்பதும் அங்கேதான். ராத்திரி கழற்றித் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவில் வைத்தால் ஈரம் உறிஞ்சிவிடும். நிறம் மாறும் ரக மணிகள் என்றால், மாறியதும் மாற்ற வேண்டும். இவ்வளவு மெனக்கெடுவானேன்? அரிசி டப்பாவில் புதைத்து வையுங்கள். ஈரம் போகிறதோ இல்லையோ, தவிட்டுத்தூள் மைக் துளைக்குள் போய்ச் சேரும். அடுப்பு மேடை, தலை காய வைக்கும் சூட்டுக் காற்று மிஷின், மொட்டை மாடி வெயில் ஆகியவையும் பரிந்துரைக்கப்படுகின்றன.

படி 6: அச்சைத் தொடாதீர்கள், விசிலுக்குச் சண்டை போடுங்கள்

காதுக்குள் போகும் அச்சில் குறும்பி சேரும். கழுவ வேண்டியது அதை மட்டும்தான். பெட்டியிலிருந்து டியூபோடு உருவி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, டியூபில் நிற்கும் துளியை ஊதுகுமிழால் வெளியேற்றி, காய்ந்தபின் மாட்ட வேண்டும். நமது முறையில் அச்சைக் கழுவுவதே இல்லை. கழுவினால் மிஷினோடு சேர்த்துத்தான். டியூபும் சில மாதத்தில் மஞ்சளித்து விறைத்துவிடும். சின்னச் செலவில் மாற்றித் தருவார்கள். மாற்றாவிட்டால் செலவே இல்லை.

அச்சு சரியாக உட்காராவிட்டால் உள்ளே போன ஒலி இடுக்கு வழியாக வெளியேறி, திரும்ப மைக்குக்குள் புகுந்து "கீ..." என்று விசில் அடிக்கும். மாமனார் காதிலிருந்து விசில் வருவது குடும்ப மானத்துக்குக் கேடு என்று மருமகள் முகம் சுளித்தால் போதும், அப்பாரு சத்தத்தை அடியோடு குறைத்துக்கொள்வார். அச்சைத் திருப்பி நன்றாகப் பொருத்துவதோ, தளர்ந்துபோயிருந்தால் புது அச்சு எடுப்பதோ அநாவசியம். இரண்டு காதுக்கும் மிஷின் இருந்தால் வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம் என்று குறி இருக்கும். அதைப் பொருட்படுத்தாமல் மாற்றி மாட்டி, "அளவே சரியா எடுக்கலை" என்று சொல்லிவிடலாம்.

படி 7: தொலைக்கச் சந்தர்ப்பம் கொடுங்கள்

இதில் நீங்கள் சிரமப்பட வேண்டியதே இல்லை. முடி வெட்டிக்கொள்ளப் போகிற இடத்தில் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். அந்தச் சட்டை நேராக வாஷிங் மிஷினுக்குப் போகும். மூக்குக் கண்ணாடிக் காம்பு, முகக்கவசக் கயிறு, மிஷின் மூன்றும் ஒரே காதில் தொங்கும். கவசத்தை வெடுக்கென்று இழுத்தால் மிஷின் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் எங்காவது தெறிக்கும். ஹெல்மெட்டைக் கழற்றும்போதும் அப்படித்தான். திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கினால் நாய் கடித்துத் துப்பும். அந்த வாசனைக்கும் விசிலுக்கும் நாய்க்குத் தனி ஈர்ப்பு.

சட்டையோடு பிணைக்கும் கிளிப் கயிறு சில ரூபாய்க்குக் கிடைக்கும். கழற்றினால் கை தன்னால் தேடிப் போக ஒரே டப்பா, ஒரே மாடம் என்று பழக்கிவிட்டாலும் தொலையாது. எனவே இரண்டையும் செய்ய வேண்டாம்.

படி 8: சமையல்கட்டிலிருந்து கூப்பிடுங்கள்

முன் ஏழு படிகளும் தோற்றாலும் இந்தப் படி கைவிடாது. காரணம், இதற்கு மிஷினைத் தொடவே தேவையில்லை.

மருமகள் அடுப்படியில் குக்கர் விசிலுக்கு நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு, "மாமா சாப்பிட வாங்க" என்று சொல்ல வேண்டும். அப்பாரு வாசலில் இருக்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். நடுவில் சுவரும் டிவியும் இருந்தால் சொல்லவே வேண்டாம். எந்த விலை மிஷினாலும் சுவர்களை இடித்துக்கொண்டு போய்ச் சொல்லைப் பொறுக்கி வர முடியாது. பல மிஷின்களின் மைக் எதிரே இருப்பவர் பேச்சைப் பிடிப்பதற்கென்றே அமைத்தது. முதுகுப்பக்கம் நின்று பேசுவது நல்ல பலன் தரும்.

முதல் முறை கேட்கவில்லை என்றால் அதே சொல்லை இன்னும் உரக்கக் கத்தவும். நரம்பு தேய்ந்த காதுக்கு ஒரு வினோதம் உண்டு: மெல்லிய ஒலி கேட்காது, பெரிய ஒலி சட்டென்று வலிக்கும். கத்தினால் சொல் சிதையும், முகமும் சிவக்கும். இரண்டு பேருக்கும் கோபம் வரும். மூன்றாம் முறை, "ஒண்ணுமில்லீங் மாமா, உடுங்க" என்று கையை உதறிவிட்டுப் போய்விடவும். மொத்தக் கையேட்டிலும் இதற்கு இணையான வாசகம் கிடையாது. மூன்று நாள் கேட்டால் அப்பாருக்கே மிஷின் மேல் நம்பிக்கை போய்விடும். ஊட்டில் தன்னிடம் சொல்ல ஒன்றுமேயில்லை என்றால் எதற்கு மாட்டிக்கொள்ள வேண்டும்?

இந்தப் படியைக் கெடுக்கக்கூடியவர்கள் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மூன்றடி தூரத்தில் வந்து எதிரே உட்காருகிறவர்கள். முகத்தில் வெளிச்சம் விழ, டிவியைக் குறைத்துவிட்டு, சாதாரணக் குரலில் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறவர்கள். புரியாவிட்டால் அதையே வேறு வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறவர்கள். இவர்கள் பத்து நிமிடம் பேசினால் மிஷின் வேலை செய்வது அம்பலமாகிவிடும். பெரும்பாலும் இது பக்கத்துவீட்டுக் கிழவராகவோ ஐந்து வயதுக் கொள்ளுப்பேத்தியாகவோ இருக்கும்.

பக்கவிளைவுகள்

எட்டுப் படிகளையும் ஒழுங்காகச் செய்தால் அப்பாரு மெல்லக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்துவார், பேச்சைக் குறைப்பார், தோட்டத்துக் கட்டிலோடு இருந்துகொள்வார். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு வழிவிடுகிற, நாம் நினைத்தால் சரிசெய்யக்கூடிய 14 காரணங்களில் செவித்திறன் இழப்பையும் வைத்திருக்கிறது. ஆகவே சில வருடம் கழித்து, "வயசாச்சு, எல்லாம் மறந்து போவுது" என்று சொல்வதற்கும் வழி பிறக்கும். அப்போது பத்திரப் பேச்சை வெளிப்படையாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஏதாவது ஒரு படி தவறினால் வரும் விளைவுகள் கடுமையானவை. வரப்புத் தகராறில் 1980-களில் யார் கல்லை நகர்த்தினார்கள் என்று அப்பாரு திருத்தம் சொல்வார். மளிகைக் கணக்கில் குறுக்கே வருவார். இளைய மகன் கிரயம் பேசும்போது "எந்தக் காட்டைச் சொல்ற?" என்று கேட்பார். மகள் போன் செய்தால் போனில் பேசுவார், அதுவும் தானே எடுத்து.

அப்பாருக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு

ஐயா, இதுவரை எழுதியது உங்கள் ஊட்டாருக்கு. உங்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பேட்டரிக் கதவைக் கொஞ்சம் திறந்தால் மிஷின் நின்றுவிடும். கடன் கேட்டு யாராவது படியேறும்போது திறந்துகொள்ளுங்கள். மற்ற நேரமெல்லாம் மூடியே இருக்கட்டும்.